லூர்துமேரி சிஸ்டர் பட்டினி போடவில்லை

திண்டிவனத்தில் பஸ் ஏறி வானூர் தாலுகா ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஊர்க்காரர் ஒருவருக்காக எழுதிய மனு சட்டைப் பையில் இருந்தது. கிளியனூரில் பஸ் நின்றபோது எதிர்ச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தெரிந்தது. அன்று காலை ஒட்டியது. பசை ஈரம் காயவில்லை. பெயரைப் படிக்கும் முன்பே முகம் தெரிந்துவிட்டது. லூர்துமேரி, செவிலியர், வயது ஐம்பத்திரண்டு.

எழுந்துவிட்டேன். "பெருசு, வானூருக்குத்தான டிக்கெட் வாங்கின? இன்னும் வரலியே" என்றார் கண்டக்டர். "எனக்கு இங்க எறங்கணும்" என்று இறங்கிக்கொண்டேன்.

அவருடைய தம்பி வீட்டில்தான் கிடத்தியிருந்தார்கள். முந்தின நாள் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். மாரடைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து சிலர் மாலையோடு வந்திருந்தார்கள். ஒருவர் "எப்பவும் சிரிச்ச முகம்" என்றார். இன்னொருவர் "பச்சைக் குழந்தைகள் வார்டுக்கே தாயாக இருந்தார்" என்று பேசினார். கடைசி ஒரு வருடம் அவரை அந்த வார்டுக்குள் விடாமல் ஊசி போடும் அறையில் உட்கார வைத்திருந்ததை ஒருவரும் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "இவங்கதான அந்த மரக்காணத்துப் புள்ளைக்குப் பால் குடுக்காமப் போட்டவங்க?" "ஆமா. கடைசியில சக்கரத் தண்ணிய ஊத்திட்டாங்களாம். கர்த்தர் மன்னிக்கணும்."

அந்த மரக்காணத்துப் பிள்ளை என் பேரன். லூர்துமேரி சிஸ்டர் அவனைப் பட்டினி போடவில்லை. சர்க்கரைத் தண்ணீரும் அவர் கொடுக்கவில்லை. இது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்தவர்கள், கிளியனூர்க்காரர்கள், எங்கள் உப்பளத்து ஆட்கள் எல்லோரும் கடைசிவரை படிக்க வேண்டும். பாதியில் என்னைத் திட்ட ஆரம்பித்தாலும் பரவாயில்லை, படித்து முடித்துவிட்டுத் திட்டுங்கள்.

நான் மரக்காணத்தில் நாற்பது வருடம் உப்பு வாரியவன். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்தை நானாகக் கற்றுக்கொண்டேன், இப்போது ஊருக்கு மனு எழுதித் தருகிறேன். அதனால் எங்கள் பக்கத்தில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதையின் பேரில்தான் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க என்னைக் கூப்பிடுவார்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைக்கிற வழக்கம் அது. யார் கையால் வைக்கிறார்களோ அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். "நீங்க வெச்சா புள்ள படிக்கும் மாமா" என்று எத்தனையோ வீட்டில் கூப்பிட்டார்கள். போனேன். எத்தனை குழந்தை என்று எண்ணிப் பார்த்ததில்லை.

கடல் ஊருக்குள் வந்து போன மறு வருடம், 2005இல், என் மகள் தனத்துக்கு ஏழாம் மாதத்தில் வலிப்பு வந்தது. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். உயிர் பிழைக்க வேண்டுமானால் குழந்தையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். ஆண் குழந்தை. ஒன்றே கால் கிலோகூட இல்லை. மருமகன் குமார் உப்பு லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் ரோட்டில். என் மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. ஆகவே ஆஸ்பத்திரியில் இருந்தது நான்தான்.

தனம் மாடி வார்டில் படுத்திருந்தாள். குழந்தை கீழே கண்ணாடிக் கதவுக்குள். அவள் பீய்ச்சிக் கொடுக்கிற பாலை எவர்சில்வர் டம்ளரில் மூடிக் கீழே கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஆண்பிள்ளை, அதுவும் எழுபதை நெருங்குகிறவன், மகளின் பாலைத் தூக்கிக்கொண்டு நடப்பதா என்று முதல் நாள் கூசியது. துண்டால் மூடிக்கொண்டு போனேன். கதவைத் திறந்த லூர்துமேரி சிஸ்டர் துண்டை எடுத்துத் தூர வைத்தார். "அந்தத் துண்டால மூக்கு சிந்துவீங்க, மூஞ்சி தொடைப்பீங்க. அதப் போட்டு மூடி எடுத்துட்டு வர்றீங்களே. இது உங்க பேரனுக்குச் சோறு அய்யா" என்றார். அடுத்த நாளிலிருந்து என்னைப் பால்காரர் என்றே கூப்பிட ஆரம்பித்தார். "பால்காரரே, இன்னைக்கு லேட்டு. மாடு ஒதைச்சுதா?" மாடியில் தனத்திடம் சொன்னேன். பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

போஸ்டரில் கனிவு என்று போட்டிருந்தார்கள். நான் பார்த்த லூர்துமேரியிடம் கனிவு இல்லை. கை கழுவாமல் யாராவது உள்ளே கால் வைத்தால் டாக்டராக இருந்தாலும் நிறுத்திவிடுவார். கனிவாகத் தெரிய வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்ததில்லை.

குழந்தையின் மூக்கில் இரண்டு சின்னக் குழாய்கள் சொருகி, தலையில் குல்லா போட்டுக் கட்டியிருந்தார்கள். காற்றை அழுத்தத்தோடு உள்ளே அனுப்பும் மெஷின். இன்னொரு முனை ஒரு தண்ணீர்ப் பாட்டிலுக்குள் இறங்கியிருந்தது. அது நாள் முழுக்கக் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். நுரையீரல் மூடிக்கொள்ளாமல் அந்தக் காற்றுதான் தாங்கிப் பிடிக்கிறது என்றார் சிஸ்டர். பால் வாய் வழியாக வயிற்றுக்குப் போன வேறொரு மெல்லிய குழாயில் போனது. ஒரு வேளைக்கு இரண்டு மில்லி. நான் தூக்கி வந்த டம்ளரைப் பார்த்து, அதில் ஊசிக் குழலில் அவர் எடுத்த அளவைப் பார்த்து, எனக்குக் கோபம் வந்தது.

"இதுல புள்ள எப்படிப் பொழைக்கும்?"

"நேத்து ஒரு மில்லி. இன்னைக்கு ரெண்டு. பொழைக்கறது அப்படித்தான்."

மெஷின் தள்ளுகிற காற்றில் பாதி வயிற்றுக்கும் போய்விடும். குழந்தையின் வயிறு தவளை வயிறு மாதிரி உப்பிவிடும். பால் கொடுக்கும் முன்பு குழாயின் வாயைத் திறந்து உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். காற்று வெளியே வந்து வயிறு இறங்குகிறவரை நகர மாட்டார். கை வலிக்காதா என்று ஒரு நாள் கேட்டேன். "வலிக்குது. அதுக்காக?" என்றார்.

பத்தாம் நாள் என் அக்கா முனியம்மா மரக்காணத்திலிருந்து சங்கோடு வந்து இறங்கினாள். பால் புகட்டுகிற பித்தளைச் சங்கு. எங்கள் வீட்டுக் குழந்தைகள் எல்லாம் அதில் குடித்தவைதான். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வார்டே கேட்கும்படி கத்தினாள். "டேய், என்னடா இது அநியாயம்? மூக்குல காத்த ஊதிக்கிட்டு வாயக் கட்டி வெச்சிருக்காங்க. சங்குல எடுத்து ஊத்துனா கடகடன்னு குடிக்கும். நீ மனு எழுதறவன்தான? கேக்க மாட்ட?"

கேட்டேன். சட்டம் பேசுகிற தோரணையில்தான் கேட்டேன். வாய் வழியாகப் பால் கொடுக்க வேண்டும், அதற்கு முன் நான் சேனை வைக்க வேண்டும், இது எங்கள் உரிமை என்றேன். சிஸ்டர் கையிலிருந்ததை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிக்கட்டுக்கு வாங்க" என்றார்.

போனேன். "மூணு மாடியும் ஓடி ஏறுங்க. அதே வேகத்துல எறங்கி வாங்க."

"எதுக்கு?"

"பயமா இருந்தா வேண்டாம் பால்காரரே."

அந்த வார்த்தைக்காகவே ஓடினேன். திரும்பி வந்தபோது நெஞ்சு அடைத்தது. ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். "வாய எடுக்காம, ஒரே மூச்சுல குடிங்க." இரண்டாவது மடக்கில் புரையேறிவிட்டது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன். முனியம்மா முதுகில் தட்டினாள். நான் நிமிர்கிறவரை காத்திருந்து சிஸ்டர் சொன்னார்:

"ஒரு வாய் முழுங்கணும்னா அந்த நேரம் மூச்ச நிறுத்தியாகணும். உங்களுக்கே முடியல. அவன் பொறந்ததுலேர்ந்து மாடி ஏறிக்கிட்டுத்தான் இருக்கான். உங்களுக்காவது இருமத் தெரியுது. அவனுக்கு இருமத் தெரியாது. பால் நேரா நெஞ்சுக்குள்ள எறங்கும், சத்தமே வராது."

அது எனக்குப் புரிந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. புயல் நேரத்தில் உப்பளத்து வரப்பில் காற்றுக்கு எதிரே வாயைத் திறந்தால் எச்சில்கூட முழுங்க முடியாது. அதை அவரிடம் சொன்னேன். "அதேதான். அந்தக் காத்த நாங்க அவன் மூக்குல வெச்சிருக்கோம்" என்றார். மெஷினில் இருக்கும்போதே சொட்டுச் சொட்டாக வாயில் கொடுக்கிற இடங்களும் உண்டாம். ஓர் இளம் டாக்டர் அப்படிச் செய்து பார்க்கலாமே என்று கேட்டதற்கு, "ஒவ்வொரு குழந்தையாப் பாத்துதான் சார் முடிவு பண்ணணும். இவனப் பாத்தா எனக்குத் தைரியம் வரல" என்று என் முன்னாலேயே சொன்னார்.

எனக்கு மூச்சு எண்ணக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். குழந்தையின் வயிற்றைப் பார்க்க வேண்டும். ஏறி இறங்கினால் ஒன்று. சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள் ஒரு சுற்று வரும்வரை எண்ண வேண்டும். முதல் தடவை நான் அரைச் சுற்றில் நிறுத்தி இரண்டால் பெருக்கிச் சொன்னேன். கோபித்துக்கொண்டார். "அந்தக் கணக்கு உப்பு மூட்டைக்கு. இவன் வேகமா நாலு மூச்சு விடுவான், அப்புறம் நிறுத்திடுவான், மறுபடி விடுவான். முழுசாப் பாக்காம சொல்லாதீங்க. சுமாரா எழுபதுன்னும் சொல்லாதீங்க. எழுபத்தி ரெண்டா, அறுபத்தி ஒம்பதா?" அதற்கென்று ஒரு நோட்டு வாங்கினேன். பால் கொண்டு போகும்போதெல்லாம் எண்ணி எழுதினேன். என் கையெழுத்தைப் பார்த்து, "முத்து முத்தா இருக்குது. எங்க டாக்டருங்க உங்ககிட்ட டியூஷன் வரலாம்" என்றார்.

குழாய் இருந்த வாய் என்பதால் குழந்தை யார் தொட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சிஸ்டர் வேலை இல்லாத நேரத்தில் சுண்டு விரலால் அதன் கன்னத்தையும் உதட்டோரத்தையும் மெதுவாகத் தடவிக்கொடுப்பார். "இதுவரைக்கும் வாய்க்கு வந்ததெல்லாம் குழாய்தான். நாளைக்கு அம்மாகிட்டப் போறப்போ பயப்படக் கூடாது" என்றார். தனத்தை நாற்காலியில் வைத்து இரண்டு முறை கீழே அழைத்துவந்து, குழந்தையை அவள் நெஞ்சோடு படுக்க வைத்தார். அவ்வளவுதான் அவள் அவனைத் தூக்கியது.

இருபதாம் நாள் குமிழி மெஷினை எடுத்தார்கள். ஆக்சிஜன் போகிற மெல்லிய குழாய் மட்டும் மூக்கில். குல்லா இல்லாமல் முதன்முறையாக முகத்தை முழுசாகப் பார்த்தேன். என் மனைவியின் நெற்றி. அவன் உதட்டைச் சப்ப ஆரம்பித்திருந்தான். தலையைத் திருப்பித் திருப்பித் தேடினான். பசி என்று யாருக்கும் தெரியும். சிஸ்டர் ஒரு நிமிடம் எண்ணினார். "எழுபத்தி நாலு. மெஷின் போனதால இப்ப அவனே இழுத்து விடணும், இன்னும் களைப்பாகும். அறுபதுக்குக் கீழ எறங்கட்டும். ரெண்டு நாள், மூணு நாள். அப்புறம் பாலாடைச் சங்குல மொதல் வாய நீங்க பாக்க நானே குடுக்கறேன்."

மூன்று நாள் பொறுத்தேன். இருபத்து மூன்றாம் நாளும் எழுபத்தொன்று. முனியம்மா வந்திருந்தாள். "மெஷின எடுத்துட்டாங்க, இன்னும் என்ன? அந்தம்மாவுக்கு உன்கிட்ட வீம்பு. மாடி ஏற வெச்சு உன்ன ஆட்டம் காட்டினா, நீயும் ஆடின. ஊரு புள்ளைக்கெல்லாம் சேனை வெச்சவன் சொந்தப் பேரனுக்கு வெக்கலன்னா நாளைக்கு எவன்டா உன்ன மதிப்பான்?"

புரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம். மாடி ஏறி இறங்கிப் புரையேறியவன் நான். நோட்டில் எழுபத்தொன்று என்று எழுதியவன் நான். இருந்தும், அவர் சொல்லி நான் கேட்பதா என்று ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. இதுவரை யார் சொல்லியும் நான் எதையும் கேட்டதில்லை.

பால் டம்ளரோடு உள்ளே போனேன். சட்டைப் பையில் சின்ன மருந்துப் புட்டியில் சர்க்கரைத் தண்ணீரும் ஒரு துணித் திரியும் இருந்தன. எங்கள் குழந்தைக்கு அடுத்த கட்டிலில் இருந்த குழந்தைக்குத் திடீரென்று மூச்சு நின்றது. சிஸ்டர் அங்கே ஓடினார். எனக்கு முதுகு காட்டி நின்று, அந்தக் குழந்தைக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நான் திரியை நனைத்து நாக்கில் வைத்தேன். வழக்கப்படி மூன்று முறை. மூன்றாவது முறை திரியைப் பிழிந்துவிட்டேன்.

சத்தம் வரவில்லை. அவர் சொன்ன மாதிரியேதான். உதடு நீலமானது. வயிறு ஏறவில்லை. நான் கூப்பிடவில்லை. அவர்தான் திரும்பிப் பார்த்து ஓடி வந்தார். குழந்தையின் வாயிலிருந்ததை உறிஞ்சி எடுத்தார், முகமூடி வைத்துக் காற்றடித்தார். நிறம் திரும்பியபின் உதட்டோரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிசுபிசுத்தது.

"என்ன குடுத்தீங்க? சீக்கிரம் சொல்லுங்க, டாக்டருக்குச் சொல்லணும்."

"ஒண்ணும் குடுக்கல" என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. வாயில் இனிப்புப் பிசுக்கு இருந்தது என்று டாக்டரிடம் சொல்லி, அப்படியே எழுதியும் வைத்தார். மறுபடி குமிழி மெஷின். நெஞ்சில் சளி கட்டியது, காய்ச்சல் வந்தது. பிறகு தொண்டைக்குள் குழாய் போட்டுப் பெரிய மெஷின். ஆறாம் நாள் காலை போய்விட்டான். பெயர் வைக்கவில்லை. உப்பளத்துக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் புதைத்தோம்.

இனி எழுதப் போவது அதைவிட மோசமானது. காரியம் முடிந்த வாரம் குமாரும் அவன் அண்ணனும் என்னிடம் வந்தார்கள். நர்சு பால் கொடுக்காமல் பட்டினி போட்டாள், கேட்டதற்குப் பயந்து சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிக் கொன்றுவிட்டாள் என்பது அவர்கள் கட்சி. "நீங்க கூடவே இருந்தீங்க மாமா. நீங்க எழுதுனாத்தான் எடுபடும்" என்றான் குமார். முனியம்மா வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். எழுதினேன். 'இருபத்து மூன்று நாட்கள் வாயில் ஒரு சொட்டுப் பாலும் கொடுக்காமல்' என்று ஆரம்பித்தேன். வாயில் கொடுக்கவில்லை என்பது உண்மை. ஒவ்வொரு வேளையும் குழாய் வழியாகப் பால் உள்ளே போனதும் உண்மை. ஒன்றை எழுதி ஒன்றை விட்டேன். மனு எழுதிப் பழகிய கை, எதை விட வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

விசாரணைக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம். லூர்துமேரி சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். மனுவை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். முதல் வரியிலேயே அவர் கண் நின்றது. என் கையெழுத்து அவருக்குத் தெரியும். என்னைப் பார்க்கவில்லை. படித்து முடித்து மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"குழந்தையை விட்டு நகர்ந்தீர்களா?"

"ஆமா சார். பக்கத்துக் குழந்தைக்கு மூச்சு நின்னுது."

"வாயில் கொடுத்தது யார்?"

"நான் பாக்கல சார்."

"பக்கத்துல யார் நின்னது?"

"பெரியவரு நின்னாரு. குடுத்தத நான் பாக்கல."

கேட்டவர் என் பக்கம் திரும்பினார். "ஒண்ணும் குடுக்கல" என்றேன் இரண்டாம் முறை. கவனக்குறைவு என்று எழுதி, அவரை வார்டிலிருந்து மாற்றினார்கள். பெரிய விசாரணையாக அதை நடத்தியவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு நர்சுக்கு எத்தனை குழந்தைகள் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஊசி அறைக்குப் போய் அவரைப் பார்த்தேன். வரிசை முடிகிறவரை பெஞ்சில் காத்திருந்தேன். கதவைச் சாத்தியதும் கேட்டுவிட்டேன். "தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"எனக்கு என்ன தெரியும் அய்யா? நான் பாக்கல. பாத்தவரு நீங்க ஒருத்தர்தான்."

"உங்க வேலை போச்சே."

"வேலை இருக்குது. ஊசி போடறேன். வார்டுல இப்ப இருக்கற பொண்ணு குழாயத் தூக்கிப் பிடிக்கறதில்லயாம். அதான் தூக்கம் வரல." பஞ்சை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "தனத்துக்கு நான் சொல்ற விஷயமா இது? நீங்க சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

நான் சொல்லவில்லை. அதனால் மறுபடி போகவும் இல்லை. அவர் வாய் திறக்காமல் இருந்ததை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அன்று மேஜைக்கு எதிரே அவர் என்னைக் கைகாட்டியிருக்க வேண்டும். கைகாட்டியிருந்தால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு உண்மை தெரிந்திருக்கும். அதற்கப்புறமும் இரண்டு வீட்டில் என்னைச் சேனைக்குக் கூப்பிட்டார்கள், நான் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். வேறு யாரோ வைத்தார்கள். இதை அவரிடம் நேரில் சொல்லிச் சண்டை போட நினைத்திருந்தேன். இப்போது யாரிடம் போடுவது?

கிளியனூரிலிருந்து திரும்பிய மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஒரு மனு எழுதினேன். முன்பு கொடுத்த மனு பொய், கொடுத்தது நான் என்று. வாங்கிப் படித்த குமாஸ்தா, "அவங்கதான் எறந்துட்டாங்களே பெரியவரே, கோப்ப முடிச்சாச்சு" என்றார். பதிவு எண் போட்டு ரசீது தராமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்தேன். மத்தியானம் தந்தார்கள்.

அந்த ரசீதோடு தனத்தின் வீட்டுக்குப் போனேன். குமாரும் இருந்தான். தனம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் ஆரம்பித்து மனு வரைக்கும் வரிசையாகச் சொன்னேன். குமார் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டான். லாரியின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தனம் அழவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அத அவன் முழுங்கினானாப்பா?"

முழுங்கினான் என்று சொல்லியிருக்கலாம். பெற்றவளுக்கு அது ஓர் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் முகம் அதைத்தான் கேட்டது.

"இல்லம்மா. நாக்க நீட்டுனான். ரெண்டு தடவ சப்பினான். மூணாவது தடவ முழுங்கப் பாத்தான், அப்பவே மூச்சும் வந்துடுச்சு. ரெண்டும் ஒண்ணா வந்துடுச்சு. முழுங்கல."

"ரெண்டு தடவ சப்பினான்ல?"

"சப்பினான்."

"கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதப்பா" என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லூர்துமேரி சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான்: பார்த்ததைப் பார்த்த அளவுக்கு, கேட்கிறவர் முகத்துக்காகக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது. அவர் உயிரோடு இருந்தவரை ஒரு முறைகூட அதை நான் செய்யவில்லை.